டயாலிசிஸ் வாரத்துக்குள் ஒரு நாவல்

செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதிலாக மெஷின் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ், வாரத்துக்கு 3 முறை, முறைக்கு 4 மணி நேரம். போய்வரும் நேரம், ஊசி குத்தக் காத்திருக்கும் நேரம், எடுத்த பிறகு ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஒரு டயாலிசிஸ் நாள் 6, 7 மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. வீடு திரும்பிய பிறகும் உடம்பு உடனே நம் கைக்கு வருவதில்லை. இந்த ஓட்டத்துக்கு நடுவில் நாவல் எழுதுகிறவரிடம் எல்லோரும் சொல்வது, "நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்" என்பது. நேரம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் கிடைத்த முக்கால் மணியில் பாதி, கதை எங்கே நின்றது, அந்த மாமனுக்கு எத்தனை வயது என்று எழுதினோம், அப்போது மழை பெய்துகொண்டிருந்ததா என்று தேடுவதிலேயே கரைந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் நேரத்தில் களைப்பு வந்துவிடும். நோயோடு எழுதுகிறவருடைய நாவல் பெரும்பாலும் நின்றுபோவது இங்கேதான். எழுத்துக்குள் திரும்ப நுழைவதற்கு ஆகும் செலவைக் குறைப்பதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

உடம்பின் வாரத்தைக் கண்டுபிடிப்பது

எழுதத் தொடங்கும் முன் 2 வாரம் ஒரு கணக்கு வையுங்கள். ஒரு சின்ன நோட்டில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 3 வரை ஓர் எண் எழுதுங்கள். புதுக் காட்சி எழுதும் அளவுக்குத் தலை தெளிவாக இருந்தால் 3. ஏற்கெனவே எழுதியதைத் திருத்த முடியும் என்றால் 2. படிக்கவோ கேட்கவோ மட்டும் முடியும் என்றால் 1. படுத்தே ஆகவேண்டும் என்றால் 0.

திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் என்றால் பலருக்கும் வரும் வரைபடம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: மெஷினில் இருக்கும் கடைசி 2 மணி நேரமும் அன்று மாலையும் 0 அல்லது 1. மறுநாள் காலை 3. வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையே ஒரு நாள் கூடுதலாக இருப்பதால் ஞாயிறு மாலையிலிருந்து உடம்பில் நீரும் கழிவும் சேர்ந்து மூச்சும் யோசனையும் கனக்கும். ஆனால் உங்கள் வரைபடம் உங்களுடையது. சிலர் 2 மணி நேரத்தில் தேறிவிடுவார்கள், சிலர் மறுநாள் மதியம்வரை சுருண்டுகிடப்பார்கள். வாரத்துக்கு 2 முறை மட்டும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இடைவெளி நீள்வதால் வரைபடமே வேறாக இருக்கும். பிறருடைய அட்டவணையைப் பார்த்து எழுதினால் 0 நேரத்தில் உட்கார்ந்து, வரவில்லையே என்று மனம் ஒடிந்துபோவீர்கள்.

3 வரும் கட்டங்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். வாரத்தில் 3 கட்டம் கிடைத்தாலே போதும். அந்த நேரத்தில் வங்கி வேலை, விருந்தாளி, போன் எதையும் விடாதீர்கள். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயோடு வாழ்ந்து 1964-இல் 39 வயதில் இறந்த அமெரிக்க எழுத்தாளர் ஃப்ளானரி ஓ'கானர், காலையில் இரண்டு மூன்று மணி நேரத்தை மட்டும் எழுத்துக்கென்று காத்துவந்தார். அவருடைய பெரும்பாலான சிறுகதைகள் அந்தக் காலைகளில் எழுதப்பட்டவை.

இனி கணக்கு. வட்டமிட்ட ஒவ்வொரு கட்டத்திலும் 400 சொல். வாரத்துக்கு 1,200. வருடத்தில் 52 வாரம் என்றாலும் 12 வாரத்தை இப்போதே கழித்துவிடுங்கள். காய்ச்சல், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்) அடைப்பு, ஆஸ்பத்திரிச் சேர்க்கை, வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும். மிச்சம் 40 வாரத்தில் 48,000 சொல். பக்கத்துக்கு 240 சொல் என்று அச்சிட்டால் 200 பக்க நாவல். 400 சொல் என்பது மிகக் குறைவாகத் தோன்றும். நல்ல நாளில் 1,000 சொல் வந்துவிடும், வரும்போது எழுதிக் குவிக்கவும் தோன்றும். அப்படி எழுதினால் அடுத்த இரண்டு வட்டங்களும் 0 ஆகிவிடுவதைக் கணக்கு நோட்டே காட்டிக்கொடுக்கும். உச்சவரம்பாக 600 வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரம்புக்கு வந்ததும், கை ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

வாசல் குறிப்பு

ஒவ்வொரு அமர்விலும் கடைசி 5 நிமிடம் கதைக்கு இல்லை, அடுத்த அமர்வுக்கு. எழுதிய இடத்துக்குக் கீழேயே மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி, இப்போது யார் எங்கே இருக்கிறார்கள். இரண்டாவது, அடுத்து நடக்கப்போவது. மூன்றாவது, அந்த இடத்தின் ஒரு வாசனை அல்லது ஓசை.

எடுத்துக்காட்டு: "செல்லம்மா திண்ணையில், கடிதம் இன்னும் பிரிக்கவில்லை. அடுத்து பெரியவர் வருவார், கடிதத்தை முந்தானைக்குள் மறைப்பாள். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுக்கிறார்கள்."

மூன்றாவது வரியை வேண்டாத வேலை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். என்ன நடந்தது என்பதைப் பழைய பக்கங்களைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எந்த மனநிலையில் எழுதிக்கொண்டிருந்தோம் என்பதுதான் 5 நாள் படுத்து எழுந்தால் கிடைக்காது. மிளகாய் நெடி அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். காட்சியை முழுதாக முடித்துவிட்டு எழுந்திருப்பதைவிட, அடுத்த வாக்கியம் தெரிந்திருக்கும்போதே நிறுத்துவது இதற்குப் பொருந்தும்.

இதோடு ஒரு கையேடு வேண்டும். 40 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அரைப் பக்கம்: பிறந்த வருடம், ஊர், தொழில், உடம்பில் ஓர் அடையாளம், யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்பது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் தமிழ் நாவலில் பிழை அதிகம் வருகிறது. 3-ஆம் அத்தியாயத்தில் 'மதினி' என்று கூப்பிட்டவள் 11-ஆம் அத்தியாயத்தில் 'அண்ணி' என்கிறாள். இரண்டுக்கும் இடையில் எழுதியவர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார். ஒரு பக்கத்தில் வட்டாரச் சொற்கள், ஒரு பக்கத்தில் கதையின் காலவரிசை, இன்னொன்றில் வீட்டின் வரைபடம், கிணறு எந்தப் பக்கம் என்பது உட்பட. அந்த நோட்டு நிறைந்துவிட்டால் இன்னொரு நோட்டு வாங்காதீர்கள். சோர்ந்த நாட்களில் கையேட்டை வளர்ப்பது சுகமாக இருக்கும், நாவல் எழுதுவது போலவே தோன்றும். ஆனால் நாவல் அங்கேயே நிற்கும்.

காட்சிகளை வரிசையாகத்தான் எழுதவேண்டும் என்று இல்லை. காட்சிக்கு ஒரு அட்டை என்று எழுதி, கனமானவை, லேசானவை என்று இரண்டாகப் பிரித்துவையுங்கள். கல்யாணப் பந்தல், சாவு வீடு போல பத்துப் பேர் பேசும் காட்சிகளுக்கு 3 வேண்டும். இரண்டு பேர் பேருந்தில் பேசிக்கொண்டு போகும் காட்சியை 2-இலும் எழுதிவிடலாம். எழுந்த அன்று உடம்பு என்ன எண் சொல்கிறதோ அந்தக் கட்டிலிருந்து அட்டையை எடுங்கள்.

மெஷின் நாற்காலியில்

ஃபிஸ்டுலா வைப்பதற்கு முன்பே, எழுதும் கை எது என்பதை அறுவை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வழக்கமாக எழுதாத கையில்தான் வைக்கப் பார்ப்பார்கள். ரத்தக்குழாய் சரியில்லாவிட்டால் மாறக்கூடும். இரண்டு கையாலும் தட்டச்சு செய்கிறவர் என்றால் அதையும் சொல்ல வேண்டும். குழாய் முதிர 6 வாரமோ அதற்கு மேலோ ஆகும். அந்த இடைவெளியில் ஒரு கையால் எழுதப் பழகிக்கொள்ளலாம்.

ஊசி குத்திய கை 4 மணி நேரமும் அசையக்கூடாது. மடக்கினால் ஊசி குழாய்ச் சுவரைக் குத்தி ரத்தம் தசைக்குள் கசியும், கை நீலம்பாரித்து வீங்கும், அடுத்த முறை குத்த இடம் இருக்காது. அதனால் மடிக்கணினியை மறந்துவிடுங்கள். ஒரு கையால் தாளில் எழுதினால் தாள் நழுவும். அதற்குப் பள்ளிப் பிள்ளைகளின் பரீட்சை அட்டைதான் சரியான கருவி: கிளிப் மேலே, அட்டையின் கீழ் விளிம்பு தொடையில், பின்னால் ஒரு சின்னத் தலையணை. சாய்ந்த நாற்காலியில் அட்டை நிமிர்ந்து நிற்கும்போது பால்பாயின்ட் பேனாவில் மை இறங்காமல் விட்டுவிட்டு எழுதும். 2பி பென்சில் எந்தக் கோணத்திலும் எழுதும். மூன்று பென்சிலைச் சீவி எடுத்துப்போங்கள், ஒரு கையால் சீவ முடியாது.

முதல் 2 மணி நேரத்தில்தான் வேலை. அதற்குப் பிறகு நீர் எடுக்க எடுக்க பி.பி. இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும், கொட்டாவி வரும். கொட்டாவியோடு வியர்வையும் கண் இருட்டலும் வந்தால் எழுதுவதை விட்டுவிட்டு உடனே டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். இன்னும் ஒரு பத்தி முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கவே கூடாது. மெஷினில் இருக்கும்போது வயிறு நிறையச் சாப்பிட்டாலும் பி.பி. இறங்கும். குளிர் அதிகமாகத் தெரியும். எழுதும் கைக்கு விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை உதவும்.

நாற்காலியில் புதிதாக எழுதுவதைவிடப் பலன் தருவது, எழுதியதைக் கேட்பது. ஆண்ட்ராய்டு போனில் வாசித்துக்காட்டும் வசதி தமிழிலும் உண்டு. போன வாரம் எழுதிய காட்சியை இயர்போனில் கேளுங்கள். கண் தவறவிட்டதைக் காது பிடிக்கும்: ஒரே பக்கத்தில் நான்கு 'திடீரென்று', மூச்சு வாங்கும் நீள வாக்கியம், இரண்டு பாத்திரங்களும் ஒரே மாதிரி பேசுவது. பிழை கேட்ட இடத்தில் நிறுத்தி, பரீட்சை அட்டைத் தாளில் இரண்டு சொல் குறித்துக்கொண்டால் போதும். திருத்தம் மறுநாள்.

சொல்லி எழுதுவது

போனில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழ்க் குரல் தட்டச்சு உண்டு. கை வலிக்கும் நாளில் அது பெரும் துணை. ஆனால் அதன் குறைகளைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். நிறுத்தற்குறியை அதை நம்பி விடமுடியாது. ல, ள, ழ குழம்பும். ர, ற குழம்பும். வட்டார வழக்கைச் சொன்னால் வேறேதோ சொல்லாக மாற்றிவைத்துவிடும், 2 நாள் கழித்துப் பார்க்கும்போது என்ன சொன்னோம் என்றே தெரியாது. எனவே விவரிப்பைக் குரல் தட்டச்சிலும் உரையாடலைக் குரல் பதிவிலும் கொண்டுபோங்கள். பதிவுக்கு "அத்7-காட்சி3-மார்ச்12" என்ற மாதிரி பெயரிடுங்கள். பெயரிடாத 60 பதிவுகள் சேர்ந்துவிட்டால் ஒன்றும் இல்லாததற்குச் சமம். டயாலிசிஸ் கூடத்தில் மெஷின் அலாரமும் டிவியும் பதிவில் விழும், பக்கத்துப் படுக்கைக்காரருக்கு உங்கள் கதையும் கேட்கும். குரல் வேலையை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் யாராவது எழுதித்தர முன்வந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ரத்தம் கக்கும் நோயோடு சமோவா தீவில் வாழ்ந்த ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், தன் கடைசி வருடங்களில் மனைவியின் மகள் இசபெல் எழுதிக்கொள்ள, வாயால் சொல்லிச் சொல்லியே வேலை செய்தார். எழுதித்தருபவரிடம் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சொன்னதை மட்டும் எழுதவேண்டும், நடுவில் கருத்து வேண்டாம். 20 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். சொல்பவருக்கு முன் எழுதுபவர் களைத்துவிடுவார்.

உப்பும் பக்கமும்

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறிய நீரை 4 மணி நேரத்தில் எடுக்கவேண்டும். எடுக்கும் வேகம் ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மி.லி.க்கு மேல் போனால் இதயத்துக்கு நல்லதில்லை என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். 60 கிலோ உள்ளவருக்கு 3 லிட்டர் ஏறியிருந்தால் மணிக்கு 750 மி.லி., அதாவது கிலோவுக்கு 12.5. விளிம்பில் நிற்கிறார். 2 லிட்டர் மட்டும் ஏறியிருந்தால் 8-க்குச் சற்று மேல். வேகம் குறைந்தால் பி.பி. சரிவும் தசைப்பிடிப்பும் குறையும், மறுநாள் காலை 3 கிடைக்க வாய்ப்பு கூடும்.

தாகத்தை அடக்கித் தண்ணீரைக் குறைப்பது கடினம். உப்பைக் குறைத்தால் தாகமே குறையும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத்தீனி இவற்றை நிறுத்தினாலே எடைமெஷினில் வித்தியாசம் தெரியும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது ஆபத்து, வாங்காதீர்கள். எழுதும்போது காபி டம்ளர் பக்கத்தில் இருக்கும் பழக்கம் உள்ளவர்கள் 100 மி.லி. பிடிக்கும் சின்ன டம்ளருக்கு மாறி, அதையும் மருத்துவர் சொன்ன அன்றாட நீர் அளவில் சேர்த்து எண்ணுங்கள்.

எழுத்து வராதது நோயின் செய்தியாக இருக்கும்போது

கணக்கு நோட்டில் 3 வந்துகொண்டிருந்த காலைகள் தொடர்ந்து 2 வாரம் 1 ஆகிவிட்டால், கற்பனை வறண்டுவிட்டது என்று உங்களை நீங்களே குற்றம்சாட்டாதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரிடம் போங்கள். ஹீமோகுளோபின் இறங்கியிருக்கலாம், ரத்த அணுக்களைக் கூட்டும் எரித்ரோபாய்டின் ஊசியோ இரும்புச்சத்தோ தேவைப்படலாம். உலர் எடையை, அதாவது கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கவேண்டிய எடையை, மாற்றியமைக்க வேண்டியிருக்கலாம். புது மாத்திரை ஒன்று தூக்கத்தைக் கெடுத்திருக்கலாம். மனச்சோர்வும் இந்த நோயோடு அடிக்கடி சேர்ந்து வரும், அதற்கும் சிகிச்சை உண்டு. வருடக்கணக்கில் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு மணிக்கட்டு நரம்பு நசுங்கி, இரவில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போகும். தட்டச்சு செய்ததால் வந்தது என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். நரம்புப் பரிசோதனை செய்து பாருங்கள்.

படுத்தால் மூச்சு முட்டுவது, ஃபிஸ்டுலாவில் தொட்டால் தெரியும் அதிர்வு நின்றுபோவது, குளிர்க்காய்ச்சல், கைகால் திடீரெனத் தளர்வது: இவற்றில் எது வந்தாலும் எழுத்தை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அதிர்வைத் தினமும் காலையில் பேனா எடுக்கும் முன் விரல் வைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு நாள் வேறுவிதமாக உடையும். வயிற்றுக்குள் விட்ட திரவத்தை நாளுக்கு 4 முறை மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் அரை மணிக்கு மேல். குழாயை இணைக்கும்போதும் பிரிக்கும்போதும் போனைத் தொடவே கூடாது, கிருமி உள்ளே போகும் வழி அதுதான். திரவம் இறங்கிக்கொண்டிருக்கும் 20 நிமிடம் திருத்தம் பார்க்க உகந்தது. மாற்று சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களுக்கு உடம்பு புது உறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையால் கை நடுங்கலாம், ஸ்டீராய்டால் இரவு முழுக்கத் தூக்கமின்றி எழுதத் தோன்றலாம். அந்த இரவுகளில் எழுதியதை ஒரு மாதம் தள்ளிவைத்த பிறகே திருத்துங்கள்.

பதிப்பாளரும் உயிலும்

தேதி சொல்லும்போது உங்கள் கணக்குக்கு 3 மாதம் கூட்டிச் சொல்லுங்கள். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் என்றால், மெய்ப்புப் பார்க்கும் மாதங்களில் நீங்கள் படுக்கையில் இருக்கக்கூடும் என்றும் வைத்துப் பின்னோக்கி எண்ண வேண்டும். வாரத் தொடர் ஒப்புக்கொள்வதாக இருந்தால் 8 அத்தியாயம் கையில் இருக்கும்போதுதான் முதல் அத்தியாயத்தை அனுப்பவேண்டும். கையிருப்பு 4-க்கு இறங்கினால் ஆசிரியரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நோயின் பெயரை எல்லோருக்கும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. எந்தக் கிழமைகளில் போன் எடுக்க முடியாது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

இந்தியாவில் எழுத்தாளர் இறந்த பிறகு 60 வருடம் பதிப்புரிமை இருக்கும். அது யாருக்குப் போகவேண்டும், முடியாத கையெழுத்துப் பிரதியை என்ன செய்யவேண்டும், யார் முடித்து வெளியிடலாம் அல்லது வெளியிடவே கூடாதா என்பதை உயிலில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், சொத்துப் பெறுபவர் சாட்சியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்புகள் எங்கே இருக்கின்றன, கடவுச்சொல் என்ன என்பதை ஒரு தனி உறையில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். இதைச் செய்து முடித்த பிறகு பலரும் நிம்மதியாக எழுதுகிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு

ஆஸ்பத்திரிப் பை ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்: பரீட்சை அட்டை, சீவிய பென்சில், பவர்பேங்க், கையேட்டின் நகல், கடைசி அத்தியாயத்தின் அச்சுப்பிரதி 16 புள்ளி எழுத்தில். சர்க்கரையால் கண் மங்கியவர்களுக்கு 20. உள்ளே இருக்கும்போது எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

10 நாளோ ஒரு மாதமோ கழித்து வீடு வந்ததும் முதல் நாள் கையேட்டை மட்டும் படியுங்கள். இரண்டாம் நாள் கடைசி இரண்டு காட்சிகளைக் காதால் கேளுங்கள், திருத்தாதீர்கள். நோயில் கிடந்த கண்ணுக்குப் பழைய பக்கங்கள் எல்லாமே மோசமாகத் தெரியும், அப்போது வெட்டியதைப் பின்னால் தேடுவீர்கள். மூன்றாம் நாள், அன்று டயாலிசிஸ் இல்லையென்றால், வாசல் குறிப்பின் மூன்று வரியையும் கையால் புதுத் தாளில் எழுதுங்கள். அதன் கீழே 50 சொல். செல்லம்மா கடிதத்தை முந்தானைக்குள் மறைத்தாள் என்பதோடு அன்றைக்கு நிறுத்தி, புது வாசல் குறிப்பு எழுதிவிட்டுப் படுக்கப் போங்கள்.